ஈ-டைப் வாங்கும் முன்: எண் பொருந்தினால் போதும் என்று நம்பிவிடாதீர்கள்

பிரிட்டனின் பழைய ஸ்போர்ட்ஸ் காரான ஜாகுவார் ஈ-டைப்பில் பலர் கவனிக்காத ஒரு விசேஷம் உண்டு. சட்டமும் சந்தையும் அந்தக் காரின் அடையாளமாகக் கொள்ளும் சேசிஸ் எண், அதன் உடற்கூட்டில் பொறிக்கப்படவில்லை. பயணிகள் அமரும் கூடு ஒரே உடலாகப் பற்றவைக்கப்பட்டது. அதன் முன்னால் எஞ்சினைத் தாங்கும் சதுரக்குழாய்ச் சட்டகங்கள் போல்ட் போட்டு மாட்டப்பட்டவை. அவற்றின் முன்பகுதியில் உள்ள, படச்சட்டம் போன்ற அமைப்பை ‘பிக்சர் ஃப்ரேம்’ என்பார்கள். அதன் வலப்பக்கத்தில், ஷாக் அப்சார்பர் பிணைப்புக்கு மேலேதான் எண் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஸ்பேனர் இருந்தால் கழற்றி எடுத்துவிடலாம். இந்தக் காரை வாங்குவோர் செய்யும் தவறுகளில் பாதி, இந்த ஒரு விஷயம் தெரியாததால் வருபவை.

1961 மார்ச் மாதம் ஜெனிவா கண்காட்சியில் அறிமுகமான இந்தக் கார், 1970களின் நடுப்பகுதி வரை 72,000க்கும் மேல் தயாரானது. பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போனது. துருப்பிடித்தவை, மோதியவை, பிரித்து விற்கப்பட்டவை ஏராளம். இன்று இதன் உதிரிபாகங்களில் புதிதாகக் கிடைக்காதவை மிகக் குறைவு. ஆகவே பளபளப்பாக ஒரு கார் முன்னால் நிற்கும்போது, ‘இது அழகாக இருக்கிறதா’ என்பதை விட்டுவிட்டு, ‘இது தன்னை யார் என்று சொல்லிக்கொள்கிறதோ அதுதானா’ என்று கேட்க வேண்டும்.

முதல் தவறு, எஞ்சின் அறையில் ரிவெட் அடித்து மாட்டியிருக்கும் தகட்டை நம்புவது. சேசிஸ் எண், எஞ்சின் எண், உடல் எண், கியர்பாக்ஸ் எண் நான்கும் அதில் இருக்கும். நான்கும் சரியாக இருப்பதைப் பார்த்ததும் மனம் நிம்மதி அடைந்துவிடுகிறது. ஆனால் வெற்றுத் தகடுகள் விலைக்குக் கிடைக்கின்றன. அறுபது வயதுக் காரில் கீறலே இல்லாத தகடும் புத்தம் புதிய ரிவெட்டும் இருந்தால் காரணம் கேளுங்கள். மறுசீரமைப்பின்போது நேர்மையாக மாற்றியிருக்கலாம். அப்படியானால் பழைய தகட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

இதைவிட ஆபத்தானது இரண்டாவது தவறு. அதில் விழுபவர்கள் விவரமானவர்கள்தான். ஜாகுவார் டெய்ம்லர் ஹெரிட்டேஜ் டிரஸ்ட், தொழிற்சாலைப் பதிவேடுகளைப் பார்த்துச் சான்றிதழ் தருகிறது. கார் தயாரான நாள், அனுப்பப்பட்ட நாள், முதல் விற்பனையாளர், வண்ணம், உட்புறத் தோலின் நிறம், நான்கு எண்கள் எல்லாம் அதில் வரும். மிக மதிப்புள்ள ஆவணம்தான். ஆனால் அது எதைச் சொல்கிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். இந்த எண்ணுள்ள கார் தொழிற்சாலையை விட்டு எப்படிப் போனது என்பதை மட்டுமே அது சொல்கிறது. உங்கள் முன் நிற்கும் கார் அதுதான் என்று அது சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. சான்றிதழை முதலில் வாங்கி, அதிலுள்ள எண்களைப் புதிய தகட்டில் பொறித்து, எஞ்சின் பிளாக்கில் பழைய எண்ணைத் தேய்த்துவிட்டுப் புதிதாக அடிப்பவர்கள் இருக்கிறார்கள். பிறகு மூன்றும் ஒன்றுக்கொன்று அழகாகப் பொருந்தும். தேர்வில் பார்த்து எழுதியவனும் அவனுக்குத் தாளைக் காட்டியவனும் ஒரே பதிலைச் சொன்னால் அது இரண்டு சாட்சியம் ஆகாது. ஒன்றையொன்று அறியாத சாட்சிகளைத் தேடுவதுதான் இந்த வேலையின் உயிர்.

அப்படிப்பட்ட சாட்சிகள் காரிலேயே இருக்கின்றன. எஞ்சின் எண் பிளாக்கின் வலப்பக்கம், ஆயில் ஃபில்டருக்கு மேலே இருக்கும். சிலிண்டர் ஹெட்டின் முன்பக்கத்திலும் இருக்கும். பலர் பிளாக்கைப் பார்த்ததோடு திருப்தி அடைகிறார்கள். இரண்டையும் பாருங்கள். 3.8 லிட்டர் கார்களில் எண் ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும். ‘சீரிஸ் 1’ எனப்படும் முதல் வரிசை 4.2 லிட்டர் கார்களில் ‘7ஈ’ என்று தொடங்கும். கடைசியில் வரும் 8 அல்லது 9, அழுத்த விகிதத்தைக் குறிக்கிறது. ‘7டி’ என்று தொடங்கினால் அந்த எஞ்சின் மார்க் டென் என்ற பெரிய சலூன் காரிலிருந்து வந்தது. ஓடுவதற்கு அதனால் குறை ஒன்றும் இல்லை. விலையில்தான் பெரிய வேறுபாடு. எண் இருக்கும் பரப்பைப் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். சாணை பிடித்த கோடுகள், சுற்றுப்புறத்தைவிடப் பள்ளமான பரப்பு, வரிசை தவறிய இலக்கங்கள் எல்லாம் அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில் தெரியும். கியர்பாக்ஸ் எண்ணைப் பார்க்கக் குனிந்து, கையில் எண்ணெய் பட வேண்டியிருக்கும். பலர் பார்க்காமல் விடுவதாலேயே போலி செய்பவரும் அங்கே அலட்சியமாக இருந்துவிடுகிறார். அதனால் அது நல்ல சாட்சி.

வண்ணமும் பேசும். சான்றிதழ் ஒரு நிறத்தைச் சொல்லும்போது, கார் முழுவதும் வேறு நிறமாக இருப்பது தவறல்ல. ஆனால் டேஷ்போர்டுக்குப் பின்னால், உட்புற விரிப்புகளுக்கு அடியில் எங்காவது பழைய நிறம் ஒட்டிக்கொண்டிருக்கும். சான்றிதழ் சொல்லாத மூன்றாவது நிறம் அங்கே அடியில் தெரிந்தால், அந்தக் கூடு வேறொரு காருடையதாக இருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும்.

அடுத்தது, எண்ணை வாசிக்காமல் ஒப்பிட மட்டும் செய்வது. ஈ-டைப்பின் எண் தன் கதையைத் தானே சொல்லும். 3.8 லிட்டர் கார்களில் 850001 முதல் வருபவை வலப்பக்க ஸ்டீயரிங் கொண்ட திறந்த கார்கள்; 860001 முதல் வருபவை வலப்பக்க ஸ்டீயரிங் கொண்ட கூரைக் கார்கள். 875001, 885001 என்று தொடங்கும் வரிசைகள் முறையே இவற்றின் இடப்பக்க வகைகள். முதல் வரிசை 4.2 லிட்டரில் 1ஈ1001 முதல் வலப்பக்க ஸ்டீயரிங் கொண்ட திறந்த கார். 1ஈ10001 முதல் இடப்பக்க ஸ்டீயரிங் கொண்ட திறந்த கார். 875 அல்லது 885இல் தொடங்கும் எண்ணோடு ஸ்டீயரிங் வலப்பக்கம் இருந்தால், அமெரிக்கா போன்ற நாட்டிலிருந்து திரும்பி வந்து மாற்றப்பட்ட கார் அது. மாற்றியதில் குற்றமில்லை. ‘பிறந்ததிலிருந்தே பிரிட்டனில் இருக்கிறது’ என்று விற்பதுதான் குற்றம்.

1961இல் வந்த முதல் கார்களில் பானட் பூட்டு வெளிப்புறம் இருந்தது. 1962 வரை காரின் உட்புறத் தரை தட்டையாக இருந்தது. இவற்றுக்கு விலை அதிகம் என்பதால், பிந்தைய கார்களுக்கும் இந்த அம்சங்களைச் சேர்த்துவிடுகிறார்கள். தோற்றத்தைப் பார்த்து ஆண்டைக் கணிக்காதீர்கள்.

இனி, மேலே தொடங்கிய சட்டகத்துக்கு வருகிறேன். குழாய்கள் உள்ளிருந்து துருப்பிடிப்பவை. வெளியே வண்ணம் மின்னும்போதே உள்ளே மெலிந்திருக்கும். உயிருக்கு அஞ்சும் எவரும் அவற்றை மாற்றத்தான் செய்வார்கள். புதிய சட்டகத்தில் எண் இருக்காது, பொறிக்க வேண்டும். ஆகவே மறுபொறிப்பு என்றாலே மோசடி என்று முடிவு கட்டுவதும் தவறுதான். நேர்மையான உரிமையாளர் பழைய துண்டை எண்ணோடு வைத்திருப்பார். பணிமனை ரசீதும் புகைப்படமும் இருக்கும். அந்தப் பழைய துண்டைத் தூக்கி எறிவது, மறுசீரமைப்பவர் செய்யக்கூடிய மிகப் பெரிய தவறு என்பேன். அது பழைய இரும்பாகப் போகாமல் யாரோ ஒருவர் கைக்குப் போனால், அவர் அதில் புதிய கூட்டைக் கட்டி, அதே எண்ணுக்கு உரிமை கோரலாம். சட்டகம் ஓரிடம், கூடு ஓரிடம் என்று பிரிந்து, ஒரே பிறப்புக்கு இரண்டு கார்கள் உரிமை கோரும் வழக்குகள் இப்படித்தான் பிறக்கின்றன.

எது உண்மையான கார் என்ற கேள்வி நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 1929, 1930 ஆண்டுகளில் லெ மான் பந்தயத்தை வென்ற பென்ட்லி ‘ஓல்ட் நம்பர் ஒன்’ காரை 1 கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்டவர்கள், அது அசல் அல்ல என்று பின்வாங்கினார்கள். 1990இல் லண்டன் உயர்நீதிமன்றம் விற்றவர் பக்கம் தீர்ப்பளித்தது. பழைய இரும்பு அதிகம் மிஞ்சாவிட்டாலும், அந்தக் காரின் வரலாறு எங்கும் அறுபடவில்லை என்பது முடிவைத் தீர்மானித்தது. ஈ-டைப்புக்கும் இதையே அளவுகோலாக வைக்கலாம்: எந்தப் பாகம், எப்போது, ஏன் மாறியது என்பதற்கு இடைவெளியில்லாத கணக்கு.

அந்தக் கணக்கைத் தருபவை தாள்கள். பிரிட்டனின் இன்றைய பதிவு ஆவணம், காரை வைத்திருப்பவர் யார் என்பதைச் சொல்கிறது; தான் உரிமைச் சான்று அல்ல என்று அதுவே அச்சிட்டுச் சொல்கிறது. அதிலுள்ள எண்ணை யாரும் காருக்கு அடியில் போய்ச் சரிபார்த்து எழுதியதாக நினைக்க வேண்டாம். கணினிமயமாவதற்கு முன் உள்ளூராட்சி அலுவலகங்கள் தந்த பழைய பதிவுப் புத்தகங்கள், அவற்றில் ஒவ்வொரு உரிமையாளர் பெயரோடும் விழுந்த முத்திரைகள், வருடாந்திரத் தகுதிச் சோதனைச் சீட்டுகள், பழைய குடும்பப் புகைப்படத்தில் தெரியும் பதிவெண் ஆகியவை பல காலங்களில் பல கைகளால் உருவானவை. ஒரே மனிதர் ஒரே மாலையில் இவற்றைப் புனைந்துவிட முடியாது.

நேரில் பார்க்கப் போகும்போது சில விஷயங்களில் எச்சரிக்கை. பொறித்த எண் தெரியவில்லை என்று கம்பித் தூரிகையோ உப்புத்தாளோ போடாதீர்கள்; ஆதாரம் அழிந்துவிடும். மென்மையான துணியும் கரைப்பானும் போதும். மேலே மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுங்கள். சான்றிதழை விற்பவரிடமிருந்து மட்டும் வாங்கிக்கொள்ளாமல், அவர் அனுமதியோடு நீங்களே புதிதாக விண்ணப்பியுங்கள். விலை பேசுவதற்கு முன், பழைய சட்டகத் துண்டு கொட்டகையில் எங்கே கிடக்கிறது என்று கேளுங்கள். அதைத் தேடி எடுத்து உங்கள் கையில் கொடுப்பவரிடம், பிறகு விலையைப் பற்றிப் பேசலாம்.