சிதறிக் கிடக்கும் ஊடகக் கோப்புகளை ஒரே நூலகமாக்குவது எப்படி?

நான்கைந்து வன்தட்டுகள். ஒவ்வொன்றிலும் பாதி திரைப்படம், கொஞ்சம் பாட்டு, எப்போதோ அவசரத்தில் கொட்டிய 'புதிய ஃபோல்டர் (3)'. இந்த நிலையில் பலரும் எல்லாத் தட்டுகளையும் இணைத்து ஒரே பெரிய தட்டாக்கும் வசதியைத்தான் முதலில் தேடுகிறார்கள். வேண்டாம். ஸ்பேன்டு வால்யூம், ரெய்டு 0 என எதை அமைத்தாலும், ஒரு தட்டு பழுதானால் மொத்த நூலகமும் கைவிட்டுப் போகும். தட்டுகள் தனித்தனியாகவே இருக்கட்டும், பார்வைக்கு ஒன்றாகத் தெரிந்தால் போதும்.

படி 1: பெயரும் வேலையும்

ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு வேலை கொடுத்து, அதையே பெயராகவும் வையுங்கள்: திரை-1, திரை-2, இசை-1, நிழற்படம்-1. நிறுவனத்தின் பெயரும் கொள்ளளவும் பெயராக வேண்டாம். அதே பெயரை எழுதித் தட்டின் மேலும் ஒட்டிவிடுங்கள்.

படி 2: இடம் மாற்றுதல்

வெட்டி ஒட்டாதீர்கள். நகலெடுத்து, சரிபார்த்து, பிறகு பழையதை அழியுங்கள். விண்டோஸில் எனக்கு டெராகாப்பிதான். நகலெடுத்தபின் இரு பக்கமும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுச் சொல்லிவிடும். லினக்ஸில் ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கட்டளை இருக்க வேறெதுவும் தேவையில்லை.

படி 3: பாதையை நிலைநிறுத்துதல்

பெரும்பாலானோர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். விண்டோஸில் நேற்று 'ஈ' (E) என்ற டிரைவ் எழுத்தில் இருந்த தட்டு, இடையில் ஒரு பென் டிரைவ் அந்த எழுத்தைப் பிடித்துக்கொண்டால் இன்று 'எஃப்' (F) ஆகிவிடும். பிளெக்ஸ், ஜெல்லிஃபின், கோடி போன்ற ஊடக நூலகச் செயலிகள் ஒரு கோப்பை அதன் பாதையை வைத்தே தேடுகின்றன. பாதை மாறினால் கோப்பு தொலைந்ததாகக் கருதிப் பட்டியலிலிருந்து நீக்கிவிடக்கூடும். நீங்கள் உட்கார்ந்து திருத்திய தலைப்புகள், அட்டைப்படங்கள் எல்லாம் அதோடு போகும்.

ஆங்கில எழுத்துவரிசையின் கடைசியிலிருந்து ஓர் எழுத்தை நிரந்தரமாக ஒதுக்குவது வழக்கமான தீர்வு. அதுவும் வேலை செய்யும். ஆனால் எழுத்தே தேவைப்படாத வழி ஒன்று விண்டோஸிலேயே இருக்கிறது. நான் பரிந்துரைப்பது அதைத்தான்.

கணினியின் உள்தட்டில் 'ஊடகம்' என்றொரு ஃபோல்டர் உருவாக்கி, அதற்குள் திரை-1, இசை-1 என்று காலி ஃபோல்டர்களை வையுங்கள். உள்தட்டு என்டிஎஃப்எஸ் என்ற விண்டோஸ் கோப்பு வடிவில் இருக்க வேண்டும். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். விண்டோஸ் விசையையும் எக்ஸ் விசையையும் சேர்த்து அழுத்தி, டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறக்கவும். தட்டின் மீது வலது கிளிக் செய்து, டிரைவ் எழுத்தையும் பாதையையும் மாற்றும் வரியைத் தேர்ந்து, 'ஆட்' அழுத்தவும். வரும் பெட்டியில், காலியான என்டிஎஃப்எஸ் ஃபோல்டரில் பொருத்தும் வாய்ப்பைத் தேர்ந்து, அந்தத் தட்டின் பெயருள்ள ஃபோல்டரைக் காட்டவும். அவ்வளவுதான். பழைய எழுத்தை அதே பெட்டியில் 'ரிமூவ்' கொடுத்து எடுத்துவிடலாம். கோப்புகளுக்கு எதுவும் ஆகாது.

இனி எல்லாத் தட்டுகளும் 'ஊடகம்' ஃபோல்டருக்குள் வரிசையாகத் தெரியும். நாளை திரை-1 நிரம்பிவிட்டதா? பெரிய தட்டு வாங்கி, உள்ளடக்கத்தை நகலெடுத்து, அதே ஃபோல்டரில் பொருத்துங்கள். தட்டு மாறியதே செயலிக்குத் தெரியாது.

பிளெக்ஸ் வைத்திருப்பவர்கள், ஒவ்வொரு தேடலுக்குப் பின்னும் குப்பையைத் தானாகக் காலிசெய்யும் அமைப்பை இப்போதே அணைத்துவிடுங்கள். தட்டின் கேபிள் கழன்றிருந்த நேரத்தில் தேடல் நடந்தாலும் பட்டியல் தப்பும்.

லினக்ஸில், எந்தத் தட்டை எங்கே பொருத்துவது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் தட்டின் தனி அடையாளமான யூயுஐடி எண்ணைக் கொடுத்துவிட்டால் பாதை மாறாது. தட்டு இல்லாதபோதும் கணினி தொடங்க 'நோஃபெயில்' சேர்த்துவிடுங்கள். எல்லாத் தட்டுகளும் ஒரே ஃபோல்டராகத் தெரிய வேண்டுமென்றால் மெர்ஜர்எஃப்எஸ் நல்லது. ஒரு தட்டு பழுதானாலும் மற்றவை தனித்தனியே படிக்கக்கூடியவையாக இருக்கும்.

படி 4: கோப்புப் பெயர்கள்

திரைப்படத்துக்குப் பெயர், அடைப்புக்குறியில் ஆண்டு, தனி ஃபோல்டர். நிழற்படத்துக்கு 2023-08-14 என ஆண்டு முதலில் வரும் தேதி. அப்போதுதான் பெயர்வரிசையே காலவரிசையாகும். தேதியை, கேமரா படத்துக்குள்ளேயே எழுதிவைக்கும் எக்ஸிஃப் தகவலிலிருந்து எடுங்கள். கோப்பின் தேதியை நம்பாதீர்கள், நகலெடுக்கும்போதும் திருத்தும்போதும் அது மாறிவிடலாம். எக்ஸிஃப்டூல் இந்த வேலையை மொத்தமாகச் செய்துவிடும். வாட்ஸ்அப் வழியே படமாக வந்தவற்றில் எக்ஸிஃப் தேதி இருக்காது. அவற்றின் கோப்புப் பெயரில் இருப்பது எடுத்த தேதியல்ல என்பதால், நான் அவற்றைத் தனி ஃபோல்டரில் ஒதுக்கிவிடுகிறேன்.

படி 5: இரட்டைக் கோப்புகள்

இதைக் கடைசியில்தான் செய்ய வேண்டும். இரட்டைக் கோப்புகளைத் தேடித் தரும் டூப்குரு செயலியில் உள்ளடக்கத்தை ஒப்பிடும் முறையைத் தேர்ந்தெடுங்கள். 'ஒத்த படங்கள்' முறையில் கிடைப்பதை மொத்தமாக அழித்தால், அடுத்தடுத்து எடுத்த படங்களில் நல்லதும் சேர்ந்து போகும்.

காப்புப்பிரதி தனிக் கட்டுரைக்கான விஷயம். ஒன்று மட்டும்: விண்டோஸின் நகலெடுக்கும் கட்டளையான ரோபோகாப்பியில் 'மிர்' விருப்பம், மூலத்தில் இல்லாததை நகலிலும் அழித்துவிடும். மூலத்தையும் நகலையும் இடம் மாற்றிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று ஓட்டுவதற்கு முன் யோசியுங்கள்.

பிற்சேர்க்கை: தமிழ்ப் பெயர்கள்

விண்டோஸிலிருந்து லினக்ஸ் தட்டுக்கு நகலெடுக்கும்போது 'பெயர் மிக நீளம்' என்று சில பாடல்கள் மட்டும் மறுக்கப்படுவதாக இரண்டு வாசகர்கள் எழுதியிருந்தார்கள். காரணம் இதுதான்: லினக்ஸ் தட்டுகளில் வழக்கமான இஎக்ஸ்டி4 வடிவில் ஒரு பெயருக்கு 255 பைட்தான் இடம். எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட் எடுக்கும்; 'கி' என்பதில் 'க' ஒரு குறி, இகரக் கொக்கி இன்னொரு குறி. ஆக 85 குறிகளோடு இடம் தீர்ந்துவிடும். பாடகர், படம், இசையமைப்பாளர் அனைத்தையும் கோப்புப் பெயரில் திணிக்காமல் பாடல் கோப்புக்குள் இருக்கும் விவரப் பகுதியான டேகில் எழுதுங்கள், அதற்கு எம்பி3டேக் செயலி போதும்.

ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர்கள் ஒரே இடத்தில் தெரிவதாக இன்னொருவர் கேட்டிருந்தார். அவருடைய பழைய தட்டு மேக் கணினியின் எச்எஃப்எஸ் பிளஸ் வடிவில் இருந்தது. 'கொ' என்பதன் ஒகரக் குறியை அது கொம்பு, கால் என இரண்டாகப் பிரித்துச் சேமிக்கும். விண்டோஸிலும் லினக்ஸிலும் அது பெரும்பாலும் ஒரே குறி. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. லினக்ஸில் கன்வ்எம்வி என்ற கருவியை, பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி விருப்பத்துடன் ஓட்டினால் பெயர்கள் ஒரே வடிவுக்கு வரும். 'நோடெஸ்ட்' என்று சேர்க்கும்வரை அது எதையும் மாற்றாது. எதையெல்லாம் மாற்றப்போகிறது என்ற பட்டியலை மட்டும் காட்டும். அதைப் படித்துவிட்டு மாற்றுங்கள்.