நுங்கு வண்டி கோணாமல் ஓட

கோடை விடுமுறைக்குத் தாத்தா ஊர் போகும் பிள்ளைகளுக்கு, நுங்கு தின்ற கையோடு வண்டி செய்து கொடுங்கள். ஒரே அளவுள்ள இரண்டு காய்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று சின்னதாக இருந்தால் வண்டி அந்தப் பக்கமே இழுக்கும். விரல் தடிமனில் ஒரு சாண் குச்சியின் இரு முனையையும் கூராகச் சீவி, காய்களின் நட்டநடுவில் இறுக்கமாகச் செருகுங்கள். நடு தவறினால் தத்தித் தத்தித்தான் ஓடும். சீவுவதும் குத்துவதும் பெரியவர்கள் வேலை.

தள்ளுவதற்குப் பிள்ளையின் நெஞ்சு உயரத்துக்கு, நுனி இரண்டாகப் பிரிந்த ஒரு கவைக்கம்பு வேண்டும். கவை அச்சுக்குச்சியைக் கவ்விப் பிடிக்கக் கூடாது. சற்றே தளர்வாக இருந்தால்தான் சக்கரம் சுழலும். வேப்பங்கவை தாராளமாகப் போதும். காய் வாடியதும் துளை லூசாகிவிடும், ஒரு சிராயை அடித்து இறுக்கிவிடுங்கள்.