கிழமைக்கு ஒரு கலரில் வரும் சக ஊழியர்: எதைச் சொல்வது, எதை விடுவது, எப்படிச் சொல்வது

எல்லா ஆஸ்பத்திரியிலும் இப்படி ஒருவர் இருப்பார். யூனிஃபார்ம் விஷயத்தில் நிர்வாகம் எவ்வளவு கறாராக இருந்தாலும், எங்காவது ஒரு சந்தில் தன் சொந்த ஃபேஷனை நுழைத்துவிடுவார். சென்னையில் நான் வேலை பார்க்கும் இடத்தில் ரத்தம் எடுக்க வரும் லேப் அண்ணன் கிழமை பார்த்து உடுத்துபவர். திங்கள் வெள்ளை, செவ்வாய் சிவப்பு, புதன் பச்சை, வியாழன் மஞ்சள், வெள்ளி மறுபடி வெள்ளை, சனி கறுப்பு, ஞாயிறு டியூட்டி விழுந்தால் ஆரஞ்சு. சட்டை பேன்ட்டை மாற்ற முடியாது என்பதால் சாக்ஸ், கர்சீப், பேனா, மணிக்கட்டுக் கயிறு, சர்ஜிக்கல் மாஸ்க்குக்கு மேல் இன்னொரு துணி மாஸ்க் என்று கிடைத்த இடத்திலெல்லாம் அன்றைய நிறம். போதாததற்கு விரல்களில் பவளமும் புஷ்பராகமும். ஒரு சனிக்கிழமை கையில் கறுப்புப் பட்டையோடு வார்டுக்குள் வந்தவரைப் பார்த்து ஒரு நோயாளியின் மகன், "இன்னைக்கு ஸ்ட்ரைக்கா சார்? டாக்டர் வருவாரா, மாட்டாரா?" என்று பதறிவிட்டார்.

இப்படிப்பட்டவரோடு ஒரே ஷிப்டில் நிற்பவர்களுக்குத்தான் இது. நான் வார்டு நர்ஸ், இன்ஃபெக்‌ஷன் கன்ட்ரோல், அதாவது கிருமி பரவாமல் தடுக்கும் வேலையையும் சேர்த்துப் பார்ப்பவள், அதனால் இந்தப் பஞ்சாயத்து மாதம் தவறாமல் என் மேஜைக்கு வந்துவிடும்.

முதல் வேலை, விதியை எடுத்துப் படிப்பது. சிரிக்காதீர்கள், பாதிப் பேர் படித்ததே கிடையாது. நோட்டீஸ் போர்டில் எச்ஆர் ஒட்டிய சர்க்குலர் ஒன்று இருக்கும், இன்ஃபெக்‌ஷன் கன்ட்ரோல் மேனுவல் என்று தனியாக ஒன்று இருக்கும். இரண்டும் ஒரே விஷயத்தைச் சொல்லாது. சர்க்குலரில் "ஷூ பாலிஷ் போட்டிருக்க வேண்டும்", "தலைமுடி நேர்த்தியாக இருக்க வேண்டும்" என்பதும் "மோதிரம் அணியக் கூடாது" என்பதும் ஒரே வரிசையில் நிற்கும். ஒன்று பார்வைக்கு, இன்னொன்று நோயாளியின் உயிருக்கு. இந்த இரண்டையும் பிரிக்காமல் யாரிடமும் வாயைத் திறக்காதீர்கள். 2023இல் ஹரியானா அரசு தன் ஆஸ்பத்திரிகளுக்குக் கொண்டுவந்த உடை விதியும் இதே கலவைதான். ஜீன்ஸ், மேக்கப், வினோதமான ஹேர்ஸ்டைல், நீள நகம் எல்லாம் ஒரே பட்டியல். நீள நகத்தைத் தடுத்தது நூற்றுக்கு நூறு சரி. ஹேர்ஸ்டைலால் எந்த நோயாளிக்கு என்ன வந்துவிடும் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. முடி முகத்தில் விழாமல் கட்டியிருந்தால் போதாதா?

நான் பிரிப்பது இப்படி: முழங்கைக்குக் கீழே இருப்பது எல்லாம் நோயாளியுடையது, அதில் பேரமே கிடையாது. இங்கிலாந்தின் அரசு மருத்துவத் துறை 2007இல் அறிவித்து அடுத்த வருடம் நடைமுறைக்குக் கொண்டுவந்தது இதைத்தான். முழங்கைக்குக் கீழே துணி வேண்டாம், வாட்ச் வேண்டாம், நகை வேண்டாம். இங்கேயும் பல ஆஸ்பத்திரிகள் அதைப் பின்பற்றுகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் 2009ஆம் வருடத்துக் கை சுத்த வழிகாட்டியும் செயற்கை நகம் கூடாது, சொந்த நகமே அரை சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது. காரணம் எளிது. சோப்பு போட்டால் 40 முதல் 60 விநாடி, ஹேண்ட் ரப் (தண்ணீர் இல்லாமல் தேய்க்கும் சானிடைசர்) என்றால் 20 முதல் 30 விநாடி தேய்க்க வேண்டும். அத்தனை நேரம் தேய்த்தாலும் மோதிரத்துக்கு அடியில் இருக்கும் தோலுக்கு ஒன்றும் போய்ச் சேராது. கல் வைத்த மோதிரம் என்றால் கிளவுஸும் கிழியும், அது கிழிந்தது பல நேரம் நமக்குத் தெரியவே தெரியாது.

கயிறு இன்னும் மோசம். திருப்பதிக் கயிறோ, தர்காவில் மந்திரித்ததோ, அம்மன் கோவில் சிவப்போ, எல்லாமே நூல்தான், நூல் என்றால் உறிஞ்சும். காலையில் ஒரு நோயாளியின் வேர்வை, அடுத்த கட்டிலில் ஒரு சொட்டு ரத்தம், நடுவில் சோப்புத் தண்ணீர், மதியம் அதே கையோடு சாப்பாடு. முழுசாகக் காய்வதற்குள் அடுத்த தடவை நனைந்துவிடும். அண்ணனின் வியாழக்கிழமை மஞ்சள் கயிறு மதியம் சாப்பாட்டு நேரத்தில் என்ன நிறத்தில் இருக்கும் என்று பார்த்திருக்கிறேன், அதை மஞ்சள் என்று சொல்ல முடியாது.

மாஸ்க்கும் அப்படித்தான். ஆஸ்பத்திரி கொடுக்கிற மாஸ்க்குக்கு மேல் வீட்டுத் துணி மாஸ்க்கைப் போட்டு அடிக்கடி தொட்டுத் தொட்டு இழுத்துக்கொண்டிருப்பதை விடச் சொல்ல வேண்டியதுதான்.

சாக்ஸ்? விட்டுவிடுங்கள். கர்சீப், பேனா, போன் கவர், எல்லாவற்றையும் விடுங்கள். மூடிய ஷூவுக்குள் சிவப்பு சாக்ஸ் இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? சாக்ஸையும் மோதிரத்தையும் ஒரே மூச்சில் சொன்னால் அவர் சாக்ஸை மாற்றிக்கொண்டு மோதிரத்தோடு வருவார். கண்ணை உறுத்துவதைச் சொல்லித் தீர்க்கும்போது, முக்கியமான விஷயம் தொலைந்துபோகும்.

எம்ஆர்ஐ அறை இருக்கும் இடத்தில் மட்டும் இந்தத் தாராளம் செல்லாது. அந்த மெஷினுக்குள் இருக்கும் பெரிய காந்தம் ஸ்கேன் ஓடாத நேரத்திலும் வேலை செய்துகொண்டேதான் இருக்கும். 2018 ஜனவரியில் மும்பையில் ஆக்ஸிஜன் சிலிண்டரோடு அந்த அறைக்குள் போன ஒருவர் இழுக்கப்பட்டு இறந்தே போனார். சேலை முந்தானை ஊக்கு, கொண்டை ஊசி, ஐடி கார்டு கிளிப், பேனா, எல்லாம் வாசலோடு சரி. அங்கே யார் யாரிடம் சொல்வது என்ற மரியாதையெல்லாம் பார்க்காதீர்கள், கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

இனி, எப்படிச் சொல்வது என்பதற்கு வருவோம். பலர் சொதப்புவது இங்கேதான்.

நோயாளி முன்னால் சொல்லக் கூடாது. வார்டு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ போட்டு "யார் கைன்னு கண்டுபிடிங்க" என்று விளையாடவே கூடாது. காலை ஷிப்டு மாறும்போது, எல்லோரும் ஹேண்ட்ஓவர் அவசரத்தில் இருக்கும்போதும் வேண்டாம். கேன்டீனில் டீ வாங்கிக் கையில் கொடுத்துவிட்டுச் சொல்லலாம். நம்பிக்கையைப் பற்றிப் பேச்சை எடுத்தால் முடிந்தது கதை. "கல்லு என்னண்ணே செய்யும்?" என்று ஆரம்பித்தால் அவர் அந்தப் பவளம் போட்ட பிறகு தங்கை கல்யாணம் நடந்த கதையைச் சொல்வார், நீங்கள் தலையாட்ட வேண்டியிருக்கும். கிளவுஸில் ஆரம்பியுங்கள். நான் சொன்னது ஏறக்குறைய இப்படி:

"அண்ணே, ஒரு நாளைக்கு எத்தனை கிளவுஸ் மாத்துறீங்க?"

"அது ஆகுதும்மா ஒரு டப்பா."

"அந்தப் பவளம் இடிக்கிற இடத்துல கிழியுதுண்ணே. ஹெச்ஐவி, மஞ்சள் காமாலைக் கேஸெல்லாம் நீங்கதான் குத்துறீங்க. உங்க வீட்ல சின்னப் பிள்ளை இருக்கு."

அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் விரலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அன்றைக்கு அது போதும்.

கூடவே ஒரு மாற்று வழியும் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அது வெறும் அதட்டல். ராசிக்கல் மோதிரத்தில் கல் தோலில் பட வேண்டும் என்று அடிப்பக்கம் திறந்து கட்டியிருப்பார்கள். அதே மாதிரி திறந்த அடியோடு டாலராகக் கட்டிக் கழுத்தில் சட்டைக்குள் போட்டுக்கொள்ளலாம், நகை ஆசாரியிடம் சொன்னால் செய்து கொடுத்துவிடுவார். ஜோசியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள் என்று நீங்களே சொல்லுங்கள், பெரும்பாலான ஜோசியர்கள் பிழைப்பு என்று வந்தால் வளைந்து கொடுப்பார்கள். கயிற்றுக்கு இன்னும் சுலபமான இடம் இருக்கிறது: அரைஞாண் கயிறு. நம்மூர் ஆண்கள் பலர் கட்டியிருப்பதுதானே, அதோடு சேர்த்து முடிந்துகொண்டால் யாருக்கும் தெரியாது, எதையும் தொடாது. அரைக்கை சட்டைக்குள் மறைகிற மாதிரி மேல்கையில் கட்டிக்கொள்வதும் சரிதான். அண்ணன் இப்போது மேல்கையில்தான் கட்டுகிறார், கிழமைக்கு ஒன்றாக.

பேச்சு ஏறவில்லை என்றால் புற ஊதா விளக்கை எடுங்கள். கை கழுவும் பயிற்சிக்கு ஒளிரும் ஜெல் ஒன்று வரும். அதைக் கையில் தேய்த்துக்கொண்டு, வழக்கம்போல் கழுவிவிட்டு, அந்த விளக்கின் கீழ் காட்ட வேண்டும். கழுவாமல் விட்ட இடமெல்லாம் பளீரென்று மின்னும். மோதிரத்தைக் கழற்றச் சொன்னால் விரலைச் சுற்றி ஒரு வளையம் தனியாக எரியும், கயிற்றின் இழை ஒவ்வொன்றும் எரியும். இதை அவர் ஒருவருக்கு மட்டும் செய்யாதீர்கள், வார்டு மொத்தத்துக்கும் வையுங்கள், ஆயாம்மாவிலிருந்து கன்சல்டன்ட் வரை. வாட்சோடும் முழுக்கைக் கோட்டோடும் ரவுண்ட்ஸ் வரும் பெரிய டாக்டரிடம் போய் நாம் நேரடியாகச் சொல்ல முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். விளக்கு சொல்லிவிடும்.

ஆண்கள் ஒரு விஷயத்தில் ஜாக்கிரதையாக இருங்கள். பெண் ஊழியரின் உடையைப் பற்றி நீங்களாகப் போய்ப் பேசாதீர்கள், எண்ணம் நல்லதாகவே இருந்தாலும். இன்சார்ஜ் சிஸ்டரிடமோ இன்ஃபெக்‌ஷன் கன்ட்ரோல் நர்ஸிடமோ சொல்லுங்கள், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013இலிருந்து இருக்கிறது, பத்துப் பேர் வேலை செய்யும் எந்த இடத்திலும் அந்தப் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். உடலையோ உடையையோ பற்றிய கமென்ட் அங்கே போய் நின்றால், விதியைத்தான் சொன்னேன் என்பது எடுபடுமா என்பது நீங்கள் சொன்ன விதத்தைப் பொறுத்தது.

சரி, அந்த வினோத ஆள் நீங்களே என்றால்? மல்லிப்பூ இல்லாமல் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாகவே இருக்காது என்பவர்கள் நம்மில் நிறைய. சாதாரண ஓபி கவுன்டரில் ஒரு முழம் யாரையும் ஒன்றும் செய்யாது. ஐசியூவிலும் கீமோ வார்டிலும் பூ வேண்டாம், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்குப் பூவில் இருக்கும் பூஞ்சையே போதும். கீமோ ஓடுகிறவர்களுக்கு வாசனையே குமட்டும், சென்ட்டுக்கும் அதேதான். மருதாணி உரிந்து விழாது, அதனால் அதை நான் ஒன்றும் சொல்வதில்லை, பெயர்ந்த நெயில் பாலிஷைத்தான் சொல்வேன். கொலுசு கிருமிக்காக இல்லை, இரவு ஐசியூவில் தூங்குகிறவருக்காகக் கழற்ற வேண்டும். வளைகாப்பு முடிந்து வரும் நர்ஸிடம் மட்டும் கொஞ்சம் இளகுங்கள். பிரசவம் வரை கழற்றக் கூடாது என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள், நடுவில் இந்தப் பெண் மாட்டிக்கொண்டு முழிக்கும். கட்டில் பக்கம் வேண்டாம் என்று ரெக்கார்ட்ஸுக்கோ டெலிபோனுக்கோ மாற்றிப் போட்டால் வளையலும் இருக்கும், விதியும் இருக்கும்.

கார்த்திகை மாதம் வந்தால் தனிக் கதை. மாலை போட்ட சாமிகளிடம் மூன்றே விஷயம். செருப்பில்லாமல் வார்டில் நடக்கக் கூடாது, கீழே விழுந்த ஊசிக்கு விரதம் தெரியாது. குருசாமியிடம் கேட்டால் வேலை நேரத்துக்கு மட்டும் ஷூ போட்டுக்கொள்ளச் சொல்லிவிடுவார், நான் பார்த்த வரை யாரும் மறுத்ததில்லை. துளசி மாலை சட்டைக்கு உள்ளே. தாடி இருந்தால் என்95 மாஸ்க் முகத்தோடு ஒட்டாது, ஓரத்தில் காற்று புகும், அதனால் டிபி வார்டு, ஐசொலேஷன் டியூட்டி அந்த விரத நாட்களுக்கு வேண்டாம் என்று ரோஸ்டர் போடுவதற்கு முன்பே எழுதிக் கொடுத்துவிடச் சொல்லுங்கள். ரோஸ்டர் வந்த பிறகு வந்து நின்றால் இன்சார்ஜ் கத்துவார், அதில் நியாயமும் இருக்கிறது.

டெய்லரிடம் யூனிஃபார்ம் தைக்கக் கொடுக்கும்போது கையை முழங்கைக்கு இரண்டு அங்குலம் மேலேயே நிறுத்தச் சொல்லுங்கள், முழங்கை வரை விட்டால் குனியும்போது கட்டிலில் உரசும். கலர் ஆசை தீரவில்லை என்றால் பாக்கெட்டின் உள்பக்கத் துணியைப் பிடித்த நிறத்தில் வைத்துத் தைத்துக்கொள்ளலாம், எந்தச் சர்க்குலரும் அதுவரை எட்டிப் பார்க்காது.

இரண்டு மூன்று தடவை தனியாகச் சொல்லி, மாற்று வழியும் காட்டி, விளக்கும் காட்டிவிட்டீர்கள், அப்படியும் அதே மோதிரத்தோடு ரத்தம் எடுக்கிறார் என்றால் இன்ஃபெக்‌ஷன் கன்ட்ரோல் கமிட்டிக்கு எழுத்தில் கொடுங்கள். ஆளைப் பற்றி எழுதாமல் நடந்ததை மட்டும் எழுதுங்கள்: எந்தத் தேதி, எந்த வார்டு, கிளவுஸ் எங்கே கிழிந்தது, நோயாளியின் ரத்தம் தோலில் பட்டதா. பட்டிருந்தால் அது புகார் இல்லை, இன்சிடென்ட் ரிப்போர்ட். அதைக் கமிட்டி கூடும் வரை வைத்திருக்காமல் அன்றைக்கே கொடுத்து, அவரைக் கையோடு கேஷுவாலிட்டிக்குக் கூட்டிப் போய் ரத்தப் பரிசோதனைக்கும் தேவைப்பட்டால் தடுப்பு மருந்துக்கும் ஏற்பாடு செய்யுங்கள்.