நோய் பரவும் காலத்தில் போனில் எதைப் பார்ப்பது, எப்படிப் படிப்பது: புதியவர்களுக்கு ஒரு செய்முறை

பாம்பனில் கடலுக்குப் போகிற எவரும் நேற்றைய காற்று எச்சரிக்கையை வைத்து இன்றைக்குப் படகை எடுக்க மாட்டார்கள். மீன்துறை டோக்கன் கொடுக்கிறதா, இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையத்தின் அறிவிப்பில் அலை எவ்வளவு உயரம், அது எந்தத் தேதிக்கு என்று பார்த்த பிறகுதான் கயிற்றை அவிழ்ப்பார்கள். அதே வீடுகளில் கோவிட் பரவிய 2021 மே மாதம் ஒரு மருந்துச்சீட்டுப் படம் வாட்ஸ்அப்பில் சுற்றியது. யார் எழுதியது, எந்தத் தேதி, எதுவும் அதில் இல்லை. எங்கள் தெரு அண்ணன் ஒருவர் காய்ச்சல் கண்ட இரண்டாம் நாளே அதைப் பார்த்து ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிப் போட்டார். அவருக்கு மூச்சுத்திணறலே இல்லை. சர்க்கரை எகிறி, ராமநாதபுரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிழைத்துவிட்டார். அன்றைக்குப் பிறகு நான் பழகிக்கொண்ட முறை இது.

படி 1: கேள்வியைப் பிரியுங்கள்

"எவ்வளவு பேருக்கு வந்திருக்கிறது?" என்பது ஒரு கேள்வி. "வந்தால் என்ன செய்வது?" என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் போக வேண்டிய இடமும் வேறு. எண்ணிக்கைக்குச் செய்தி சேனலும் சிகிச்சைக்கு வாட்ஸ்அப்பும் என்று இருந்துவிடாதீர்கள்.

படி 2: எண்ணிக்கை கிடைக்கும் இடங்கள்

உலக நிலவரத்துக்கு உலக சுகாதார நிறுவனத்தின் கோவிட் டேஷ்போர்டு. நாடுகளை ஒப்பிட்டு வரைபடமாகப் பார்க்க 'அவர் வேர்ல்ட் இன் டேட்டா' என்ற இணையதளம். இந்தியாவுக்கு மத்திய சுகாதார அமைச்சகம். இதோடு ஐ.டி.எஸ்.பி. என்ற நோய்க் கண்காணிப்புத் திட்டத்தின் வார அறிக்கையையும் பழகிக்கொள்ளுங்கள். எந்த மாவட்டத்தில் என்ன நோய், எத்தனை பேருக்கு என்று வரிசையாக இருக்கும். டெங்கு, காலரா, உணவு நஞ்சானது எல்லாம் அதில் வரும். மழைக்காலத்தில் நமக்கு இது மிகவும் உதவும்.

அரசுத் தளம்தானா என்று பார்க்க, முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா என்று கவனியுங்கள். அப்புறம் தேதி. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பிரபலமான கோவிட் வரைபடம் 2023 மார்ச் 10-ஆம் தேதியோடு தரவு சேர்ப்பதை நிறுத்திவிட்டது. நம் நாட்டுத் தன்னார்வலர்கள் நடத்திய 'கோவிட்19 இந்தியா' தளம் 2021 அக்டோபரோடு நின்றது. இரண்டும் பெரிய உழைப்பு. நடந்ததைத் தெரிந்துகொள்ள இன்றும் உதவும், இன்றைய நிலவரத்துக்கு ஆகாது.

படி 3: எண்ணைப் படிப்பது

2011 கணக்கெடுப்பின்படி நம் ராமநாதபுரம் மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 13.5 லட்சம். ஒரு நாளில் 135 பேருக்குத் தொற்று என்றால் லட்சத்துக்கு 10 பேர். அதே கணக்கெடுப்பில் சென்னைக்கு 46 லட்சம். ஆகவே அங்கே 460 என்று வந்தாலும் நம் 135-க்குச் சமம்தான். 'சென்னையைவிடக் குறைவு' என்று நிம்மதி அடைய முடியாது. ஞாயிற்றுக்கிழமை பரிசோதனை குறைவாக நடப்பதால் ஒரு நாள் எண்ணை விட்டுவிட்டு 7 நாள் சராசரியைப் பாருங்கள்.

படி 4: சிகிச்சை வழிகாட்டி

இதில்தான் நிதானம் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் கோவிட் மருந்துகளுக்கு ஒரு வழிகாட்டியை வெளியிட்டு, புதுச் சான்று வரும்போதெல்லாம் திருத்திவந்தது. இந்தியாவுக்கு எய்ம்ஸ் மருத்துவமனையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரும் சேர்ந்து வெளியிட்டவை உண்டு. எதைத் திறந்தாலும் முதலில் திருத்திய தேதியைத் தேடுங்கள். குணமானவரின் ரத்தத்திலிருந்து எடுத்த திரவத்தை நோயாளிக்கு ஏற்றும் பிளாஸ்மா சிகிச்சை நல்ல உதாரணம். முதல் அலையில் தானம் கேட்டு எத்தனை செய்திகள் வந்தன! 2021 மே மாதம் அதை நம் வழிகாட்டியிலிருந்தே நீக்கிவிட்டார்கள். பழைய பிடிஎஃப் கையில் இருந்தவர்கள் அதற்குப் பிறகும் அலைந்தார்கள்.

அடுத்து, அந்த வரி யாருக்கானது என்று பாருங்கள். இந்திய வழிகாட்டி நோயாளிகளை லேசானது, மிதமானது, கடுமையானது என்று பிரிக்கிறது. ரத்த ஆக்சிஜன் 90 முதல் 93 சதவீதம் வரை இருந்தால் மிதமானது, 90-க்குக் கீழே போனால் கடுமையானது. எங்கள் அண்ணன் போட்டது டெக்சாமெதாசோன் என்ற ஸ்டீராய்டு. 2020 ஜூனில் பிரிட்டனின் 'ரெகவரி' ஆய்வு அதைப் பற்றிச் சொன்னது இதுதான்: வென்டிலேட்டரில் இருந்தவர்களின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது, ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களுக்கு ஐந்தில் ஒரு பங்கு குறைத்தது, ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை. வாட்ஸ்அப் படத்தில் மருந்தின் பெயர் மட்டும் வந்தது, இந்தக் கடைசி வரி வரவில்லை.

வழிகாட்டிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். கூகுள் மொழிபெயர்ப்பைப் பயன்படுத்தலாம், ஆனால் 'ரெகமண்ட் அகெய்ன்ஸ்ட்' என்ற இடத்தில் நின்று பாருங்கள். 'கொடுக்க வேண்டாம்' என்று பொருள். தமிழில் அந்த 'வேண்டாம்' விழுந்துபோனால் அர்த்தமே தலைகீழாகிவிடும். 2023 மார்ச் மாத இந்திய வழிகாட்டியில் ஐவர்மெக்டின், ஹைட்ராக்சிகுளோரோகுயின், அசித்ரோமைசின் எல்லாம் வேண்டாத பட்டியலில்தான் இருக்கின்றன.

படி 5: 'புதிய ஆய்வு' என்று வந்தால்

'பிரிபிரின்ட்' என்று போட்டிருந்தால், மற்ற நிபுணர்கள் இன்னும் சரிபார்க்காத கட்டுரை அது. மெட்ஆர்க்கைவ் தளத்தில் இருப்பவை இந்த வகை. படிக்கலாம், மருந்துக்கடைக்குக் கொண்டுபோகக் கூடாது.

படி 6: படித்ததை மருத்துவரிடம் கொண்டுபோவது

104-ஐ அழைத்தால் மருத்துவ ஆலோசனை கிடைக்கும். அரசின் இ-சஞ்சீவனி இணையச் சேவையில் வீட்டிலிருந்தே வீடியோவில் மருத்துவரைப் பார்க்கலாம், கட்டணம் இல்லை. தங்கச்சிமடத்திலிருந்தோ தொண்டியிலிருந்தோ பேருந்து பிடிக்கும் நேரத்தில் பேசி முடித்துவிடலாம். ஆக்சிஜன் 94-க்குக் கீழே இறங்கினாலோ மூச்சு வாங்கினாலோ 108-ஐ அழைத்துவிடுங்கள். கடலிலிருந்து வந்த ஈரக் கையில் ஆக்சிமீட்டர் சரியாகக் காட்டாது. துடைத்து, தேய்த்துச் சூடாக்கிவிட்டு மாட்டுங்கள்.

அழைப்பதற்கு முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: காய்ச்சல் தொடங்கிய தேதி, வயது, சர்க்கரை அல்லது ரத்த அழுத்தம் உண்டா, ஆக்சிஜன் அளவு, இதுவரை விழுங்கிய மாத்திரைகள். கடைசியாகச் சொன்னதை மறைக்காமல் எழுதுங்கள். மருத்துவர் திட்டுவார் என்று நினைத்து எங்கள் அண்ணன் மறைத்தது அதைத்தான்.