பழைய உத்திரத்தில் கட்டில் செய்யப் போகிறீர்களா?

அம்பாசமுத்திரம் பக்கத்தில் இருந்த எங்கள் ஆச்சி வீட்டைப் பிரித்தபோது என் பங்குக்கு ஒரு குட்டியானை லோடு மரம் வந்தது. உத்திரம் இரண்டு, தார்சா (முன் தாழ்வாரம்) தூண் நாலு, பட்டாசல் (கூடம்) கதவு ஒரு ஜோடி, கட்டை அடுக்கிப் போட்ட கட்டைக்குத்து மச்சின் கட்டைகள் கொஞ்சம். இதை வைத்து ஒரு கட்டிலும் சாப்பாட்டு மேசையும் செய்துவிடலாம் என்று போனில் நாலு படம் எடுத்து வைத்துக்கொண்டு ஆசாரியிடம் போனேன். அவர் போனை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "மரத்தைக் காட்டாம படத்தைக் காட்டுதீயளே அண்ணாச்சி" என்றார்.

பெரும்பாலானவர்கள் செய்கிற முதல் தவறு இதுதான். புது மரம் வாங்கினால் வேண்டிய அளவுக்கு அறுத்துத் தருவார்கள். பழைய மரத்தில் என்ன மிச்சம் இருக்கிறதோ அதற்குத்தான் சாமானை வடிவமைக்க வேண்டும். என் உத்திரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 8 அங்குலத்துக்கு 6 அங்குலம், 10 அடி நீளம். இந்த மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுத்தால் 3.33 கன அடி. கணக்கு அதோடு முடியவில்லை. சுவருக்குள் புதைந்திருந்த இரண்டு முனையும் ஈரம் குடித்து உளுத்திருந்தன, ஓரோர் அடி போயிற்று. நட்ட நடுவில் ஊஞ்சல் கொக்கி போட்ட ஓட்டை, அதைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு. அறுக்கும்போது தூளாகப் போனதையும் இழைத்ததையும் கழித்தால், உருப்படியான பலகை 2 கன அடிகூடத் தேறவில்லை. பழைய மரம் மலிவு என்று கணக்குப் போடுகிறவர்கள் இந்தக் கழிவைச் சேர்ப்பதே இல்லை. விலைக்கு வாங்குவதாக இருந்தால் முனைகளை உளியால் குத்திப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

அடுத்தது ஆணி. இதில் நான் பட்டது தனிக்கதை. மர மில்லில் "ஆணி எல்லாம் பிடுங்கியாச்சா?" என்று கேட்டார்கள். ஆச்சு என்றேன். நாலாவது பலகை ஓடும்போது 'க்ரீச்' என்று ஒரு சத்தம். ரம்பத்தின் பல் வரிசையாகப் போய்விட்டது. தலை ஒடிந்து உள்ளேயே தங்கிவிட்ட பழைய ஆணி. ரம்பத்துக்கு நான்தான் பணம் கொடுத்தேன், அவர்கள் கேட்டதும் நியாயம்தான். காந்தத்தை வைத்துத் தடவினோமே என்றால், காந்தம் மேலாக இருக்கும் இரும்பைத்தான் காட்டும். ஆழத்தில் இருப்பதைக் காட்டாது, கதவில் பதித்த பித்தளைக் குமிழின் காலையும் காட்டாது. வாசலில் ஆட்களைச் சோதிக்கிறார்களே, அந்த மாதிரிக் கையடக்க மெட்டல் டிடெக்டர் ஒன்று இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஒரு தடவை லேசாகச் சீவிவிட்டு நிறத்தைப் பாருங்கள். தேக்கில் இரும்பு துருப்பிடித்துக் கிடந்தால் சுற்றிலும் மை கொட்டியதுபோல் கறுத்திருக்கும். கறுப்பு இருக்கிற இடத்தில் இரும்பு இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"நூறு வருஷம் காய்ந்த மரம், இனிமேல் எங்கே சுருங்கப் போகிறது?" இதை எல்லோரும் சொல்வார்கள். தவறு. எத்தனை வயதானாலும் மரம் காற்றிலிருந்து ஈரத்தை வாங்கும், விடும். நீளத்தில் அநேகமாக மாறாது, அகலத்தில்தான் மாறும். 3 அடி அகல மேசைப் பலகை ஐப்பசி மழைக்கும் சித்திரை வெயிலுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் கூடிக் குறையும். அதைக் கீழ்ச் சட்டத்தோடு இறுக்கி ஸ்குரூ அடித்தால் ஒன்று வெடிக்கும், இல்லை வளையும். ஸ்குரூ ஓட்டையை அகலவாக்கில் நீள்துளையாகப் போட்டால் பலகை நகர இடம் கிடைக்கும். இன்னொன்று, கனமான உத்திரத்தைப் பிளந்ததும் உள்ளே இத்தனை நாள் அடங்கியிருந்த இறுக்கம் விட்டு, மறுநாளே பலகை முறுக்கிக்கொள்ளும். அதனால் அறுத்த கையோடு வேலையைத் தொடங்கக் கூடாது. இடையிடையே ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) வைத்து, நிழலில் அடுக்கி, மேலே பாரம் ஏற்றி மூன்று நாலு வாரம் போட்டுவையுங்கள். ஈரமானியில் 12 சதவீதத்தை ஒட்டி வந்த பிறகு இழைப்புளியை எடுத்தால் போதும்.

பழைய வீட்டு மரம் என்றாலே பர்மா தேக்கு என்று விற்கிறார்கள். எங்கள் வீட்டிலேயே உத்திரம்தான் தேக்கு, நிலை வேங்கை, மச்சுக் கட்டையில் பாதி பனை. வேங்கை அருமையான மரம், ஆனால் ஈரம் பட்டால் மஞ்சள் கறை விடும். பாலிஷ் சரியாக ஏறாத வேங்கைக் கட்டிலில் வெள்ளை வேட்டியை ஈரத்தோடு போட்டுப் பாருங்கள், தெரியும். பனங்கட்டை வெளியே இரும்பு, உள்ளே சோறு. அதில் துளை போட்டுக் கழுந்து (துளைக்குள் செருகும் மர முளை) கோக்கலாம் என்று நினைக்காதீர்கள், நிற்காது. சிராய் ஏறினால் கை இரண்டு நாளைக்கு வேலை செய்யாது. சுவர் அலமாரிக்குத் தாங்குகட்டையாக மட்டும் போடலாம்.

பூச்சி விஷயத்தில் அவசரம் வேண்டாம். ஓட்டை இருப்பதாலேயே மரம் கெட்டது என்று அர்த்தமில்லை. கட்டையை நன்றாகத் தட்டிவிட்டு, அடியில் பேப்பரை விரித்து ஒரு வாரம் விடுங்கள். வெளிறிய பொடி புதிதாகக் கொட்டியிருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. பெரும்பாலும் வெளிப்பக்கத்து வெள்ளைக் கட்டையில்தான் இருக்கும், அதைத் தயங்காமல் சீவித் தள்ளிவிட்டு, நடுவில் இருக்கும் கெட்டியான வைரக் கட்டையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். போராக்ஸ், போரிக் ஆசிட் கரைசல் அடிப்பதாக இருந்தால் பாலிஷுக்கு முன்பே, வெறும் மரத்தில் அடிக்க வேண்டும். முந்திரிக்கொட்டை எண்ணெய் ஓட்டுக்கூரைக் கைமரத்துக்குச் சரி. படுக்கிற கட்டிலுக்குப் பூசினால் மரம் கறுத்துப் போகும், அது பட்ட தோலும் புண்ணாகும்.

கதவில் ஏழெட்டுப் பூச்சு பச்சை பெயின்ட் இருந்ததா? அதை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், தீயில் பொசுக்கவும் வேண்டாம். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கிறது என்று எண்ணி நடப்பதே நல்லது. அந்தத் தூசி பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும். பெயின்ட் ரிமூவர் தடவி, ஈரத்தோடு சுரண்டி, வந்ததைச் சாக்கில் கட்டி அப்புறப்படுத்துங்கள். முகக்கவசம் கட்டாயம், பிள்ளைகள் அந்தப் பக்கமே வரக் கூடாது.

அந்தக் கதவையே மேசைப் பலகையாகப் போடுவது இப்போது நாகரிகம். போடுங்கள். மேலே கண்ணாடி போடாவிட்டால் குழிக்குள் இறங்கிய ரசத்தைத் துடைக்கத் தீக்குச்சி வேண்டியிருக்கும்.

பழைய தேக்கில் எண்ணெய்ப் பசை அதிகம். ஒட்டுவதற்குச் சற்று முன்னால் தின்னரில் துடைத்தால்தான் பசை பிடிக்கும். தென்காசி, செங்கோட்டைப் பக்கம் இருப்பவர்கள் ஆனி, ஆடிச் சாரலில் பாலிஷ் வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். ஈரக்காற்றில் பூச்சு பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிடும்.

கடைசியாக எடை. தேக்கு கன அடிக்குச் சுமார் 18 கிலோ. கட்டிலுக்கு 8 கன அடி ஏறினாலே 150 கிலோவை ஒட்டி வந்துவிடும். போல்ட் போட்டுக் கழற்றி மாட்டும்படி செய்யச் சொல்லுங்கள். நான் முழுக்கக் கழுந்து கோத்து, பசை போட்டு, அசையாதபடி செய்யச் சொன்னேன். ஆசாரியும் அப்படியே செய்து தந்தார். மாடிப்படி வளைவில் அது திரும்பவே இல்லை. கட்டில் இப்போது கீழ் வீட்டில் கிடக்கிறது, வாடகைக்கு இருப்பவர்கள் நன்றாகத் தூங்குகிறார்கள்.