தையல் மெசினில் ஒரு தேயிலை மலை

பூவேலைக்கென்று தனி மெசின் வேண்டாம். சட்டை தைக்கிற சாதாரண மெசினே போதும். நூல் கோத்து நேர்த்தையல் அடிக்கத் தெரிந்தவர்கள் இன்றைக்கே தொடங்கலாம். முதல் படத்துக்குத் தேயிலை மலையைத்தான் சொல்வேன். வளைந்து ஓடும் அந்த வரிசைகள் இந்தத் தையலுக்கு அப்படிப் பொருந்துகின்றன, கோடு கொஞ்சம் விலகினாலும் மலை மலையாகவே இருக்கும்.

நெருக்கமாக நெய்த பருத்தித் துணியில் பென்சிலால் மலையை வரையுங்கள். துணியை இறுக்கிப் பிடிக்கும் பூவேலை வளையச் சோடியில் பெரிய வளையத்தை மேசையில் வைத்து, அதன்மேல் துணியை விரித்து, உள்ளே சின்ன வளையத்தை அழுத்துங்கள். கைத்தையலுக்குப் பூட்டுவதற்கு இது தலைகீழ். துணி மெசின் தட்டோடு ஒட்டிக் கிடக்க வேண்டும். தட்டினால் தப்பு மேளம்போலச் சத்தம் வருமளவு இறுக்குங்கள். அடியில் ஒரு கொப்பித் தாள் வைத்தால் துணி சுருங்காது. தைத்த பிறகு கிழித்து எடுத்துவிடலாம்.

துணியைத் தள்ளும் பற்களை இறக்கிவிட்டு, துணியைக் கையால் நகர்த்தித் தைப்பதற்கான டார்னிங் பாதத்தைப் பூட்டுங்கள். ஊசி 14ஆம் நம்பர். மேல்நூலின் இறுக்கத்தைச் சற்றே தளர்த்துங்கள். பளபளக்கும் ரேயான் நூல் அழகுதான், ஆனால் அடிக்கடி அறும். பழகும்வரை பாலியெஸ்டர் நூலே நல்லது.

அடுத்ததில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். வளையத்தை ஊசிக்கு அடியில் வைத்ததும், பாதத்தை இறக்கும் தண்டை மறக்காமல் இறக்குங்கள். இந்தப் பாதம் துணியை அழுத்திப் பிடிக்காது. அதனால் தண்டு இறங்கியிருக்கிறதா இல்லையா என்று பார்த்தவுடன் தெரியாது. தண்டு மேலே இருந்தால் மேல்நூலை இறுக்கும் தட்டுகள் திறந்தே கிடக்கும். நூல் தாராளமாக இறங்கி, துணிக்கு அடியில் முடிச்சாகத் திரளும். குற்றம் பொபினில் என்று நினைத்து அதையே கழற்றிக் கழற்றிப் பூட்டுவார்கள். அடியில் நூல் குவிந்தால் முதலில் தண்டைப் பாருங்கள். பொபின் நூலை மேலே இழுத்து, இரண்டு நுனிகளையும் பிடித்துக்கொண்டு, ஒரே இடத்தில் நாலு குத்துக் குத்திய பிறகு ஓடுங்கள்.

இனித் தையலின் நீளம் உங்கள் கையில். கை வேகமாக ஓடி மெசின் மெதுவாக ஓடினால் தையல் நீளும், ஊசி வளைந்து உடையும். மெசின் ஓடும்போது கை நின்றால் நூல் ஒரே இடத்தில் திரண்டு அறும். மெசின் ஒரே சீராக ஓடட்டும், கை நிதானமாக நகரட்டும். வளையத்தைத் திருப்பாதீர்கள், முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் தள்ளினால் போதும். இதற்குக் கால் மெசினைத்தான் நான் விரும்புவேன், வேகம் முழுக்கக் காலுக்குள் அடங்கியிருக்கும்.

தூரத்து மலைக்கு வெளிர்நிற நூலில் சில கோடுகள் போதும். கிட்டத்து வரிசைகளைக் கரும்பச்சையில் சின்னச் சின்னச் சுழிகளாக நிரப்பி, மேல்விளிம்பில் கொழுந்துக்கு இளம்பச்சையை ஓட விடுங்கள். வரிசைகளுக்கு நடுவே துணி தெரியட்டும், எல்லாவற்றையும் அடைத்தால் துணி இழுத்துக்கொள்ளும். பனிமூட்டத்துக்கு வெள்ளை நெட் துணித் துண்டை மேலே வைத்து ஓரத்தில் மட்டும் தையுங்கள். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது.

பின்சேர்க்கை: பற்களை இறக்க வழியில்லாத மெசினுக்கு என்ன செய்வது என்று சிலர் கேட்டார்கள். தையல் நீளத்தைப் பூச்சியத்தில் வையுங்கள். மெல்லிய அட்டைத் துண்டில் ஊசி போகத் துளையிட்டு, பற்களை மூடி டேப்பால் ஒட்டுங்கள். அப்புறம், மழை மாதங்களில் ஈரத்துக்கு மெசின் துருப்பிடிக்கும். எண்ணெய் விட்டதும் பழந்துணியில் கொஞ்சம் ஓட்டிவிட்டே படத்தில் கை வையுங்கள், எண்ணெய்க் கறை எளிதில் போகாது.