பருவம் மாறி அலுவலகத்தில் சுருதி குறையும்போது நாம் செய்யும் தவறுகள்

வருடத்தில் சில மாதங்கள் அலுவலகமே துடிப்பாக இருக்கும். சில மாதங்களில் அதே ஆட்கள், அதே வேலை, ஆனால் எதுவும் நகராது. மீட்டிங்கில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அரை மணி நேர வேலை மதியம் வரை இழுக்கும். உடனே "யாருக்கும் பொறுப்பில்லை" என்று முடிவு கட்டிவிடுகிறோம். அதுதான் முதல் தவறு, மற்றவை பெரும்பாலும் அதிலிருந்தே கிளைக்கின்றன. பருவத்துக்கும் மனநிலைக்கும் நடுவே உடம்பு என்று ஒன்று இருக்கிறது. வெளிச்சமும் தூக்கமும் வெப்பமும் மாறினால் அதுவும் மாறும். அதைக் கவனிக்காமல் ஆளின் குணத்தைத் திருத்தக் கிளம்பினால் இரண்டு பக்கமும் கசப்புதான் மிஞ்சும்.

பகல் குறுகும் மாதங்களில் அதிகம் நடப்பது, வெளிச்சக் குறைவை ஊக்கப் பேச்சால் சரிக்கட்டப் பார்ப்பது. நம் மூளையில் இருக்கும் உள் கடிகாரம், கண்ணில் விழும் ஒளியை வைத்துத்தான் தினமும் தன் நேரத்தைத் திருத்திக்கொள்கிறது. காலையில் போதிய ஒளி கிடைக்காவிட்டால் அந்தக் கடிகாரம் பின்தங்கும். ஆள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்; உடம்பைப் பொறுத்தவரை இன்னும் விடிந்திருக்காது. வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ்; அலுவலக விளக்குகள் மேசைமேல் பொதுவாக 300 முதல் 500 லக்ஸ் வெளிச்சம் தருகின்றன. மேகம் மூடிய பகலில்கூட வெளியே சில ஆயிரம் லக்ஸ் இருக்கும். நல்ல வெயிலில் ஒரு லட்சத்தைத் தொடும். கண் எந்த வெளிச்சத்துக்கும் சீக்கிரம் பழகிவிடுவதால் இந்த வித்தியாசம் நமக்கு உறைப்பதில்லை. போனில் லக்ஸ் அளக்கும் ஆப் ஒன்றைப் போட்டு, பகலில் ஜன்னலோரம் ஒரு முறையும், அங்கிருந்து நாலைந்து மேசை உள்ளே தள்ளி ஒரு முறையும் பாருங்கள். போன் அளவு துல்லியமானது கிடையாது, ஆனாலும் எண் மளமளவென்று இறங்குவது தெரியும்.

ஜன்னலோர இடங்கள் பெரும்பாலும் சீனியர்களுக்குப் போய்விடுகின்றன. பகல் முழுக்க உள்ளே இருட்டில் உட்காருபவர் புதிதாகச் சேர்ந்தவர். வருடக் கடைசி மதிப்பீட்டில் "சுறுசுறுப்பு போதாது" என்று எழுதப்படுவதும் அவரைப் பற்றித்தான் என்றால் அது அநியாயம். இடங்களைச் சுழற்சி முறையில் மாற்றலாம். இரண்டு பேர் பேசித் தீர்க்க வேண்டியதை வெளியே நடந்துகொண்டே பேசலாம். இருட்டில் வந்து இருட்டில் வீடு திரும்புகிறவர்களுக்குப் பகல் வெளிச்சம் கிடைப்பதே மதிய இடைவேளையில்தான். அந்த நேரத்தில் மீட்டிங் வைக்கவே கூடாது.

கோடையில் தவறு வேறு மாதிரி. வெயில் அடித்தால் எல்லாரும் உற்சாகமாகத்தான் இருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். உளவியலாளர் மேத்யூ கெல்லரும் சகாக்களும் 2005-ல் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொல்கிறது. வசந்த காலத்தின் இதமான நாட்களில், வெளியே அரை மணி நேரத்துக்கு மேல் இருந்தவர்களுக்குத்தான் மனநிலை மேம்பட்டது. உள்ளேயே அடைந்திருந்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. கடும் கோடையிலோ வெப்பம் ஏற ஏற மனநிலை சரிந்தது. தூக்கமும் கெடுகிறது. நன்றாகத் தூங்க உடம்பின் உள் வெப்பம் சற்றுக் குறைய வேண்டும். புழுக்கமான இரவில் அது நடப்பதில்லை. மறுநாள் காலை மெயிலில் தெறிக்கும் எரிச்சலுக்குப் பாதிக் காரணம் அந்த இரவாக இருக்கலாம். கடினமான பேச்சுவார்த்தையைக் கோடையின் பின்மதியத்தில் வைக்காதீர்கள். உடல் உழைப்பு வேலையில் இது இன்னும் தீவிரம். 33–34 டிகிரி செல்சியஸில் மிதமான உழைப்பு வேலை செய்பவர் தன் திறனில் பாதியை இழக்கிறார் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 2019 அறிக்கை சொல்கிறது. அங்கே போய் அதே இலக்கை வைத்துவிட்டு ஊக்கம் போதவில்லை என்று பேசுவது கொடுமை.

மழைக்காலத்தில் சோர்வு பெரும்பாலும் வழியிலேயே வந்துவிடுகிறது. நனைந்த காலணியோடு வந்து சேர்ந்தவரிடம் பத்து நிமிடத் தாமதத்துக்குக் கணக்குக் கேட்காமல் இருந்தாலே போதும்.

சரி, எல்லாவற்றுக்கும் பருவத்தின்மேல் பழி போடலாமா? அதுவும் தவறுதான், நல்ல மனதோடு செய்யப்படும் தவறு. ஜனவரியின் மூன்றாவது திங்கள்தான் வருடத்திலேயே சோகமான நாள் என்று ஒரு பேச்சு உலவுகிறது. அது 2005-ல் ஒரு பயண நிறுவனத்தின் விளம்பரத்துக்காகக் கிளப்பிவிடப்பட்டது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட கணக்குச் சூத்திரத்தில் அறிவியல் எதுவும் இல்லை. பருவம் எல்லாரையும் ஒரே அளவில் பாதிப்பதும் இல்லை. வருடக் கடைசி வாட்டத்துக்குக் கணக்கு முடிப்பு, இலக்கு நெருக்கடி, எடுக்காமல் சேர்ந்துபோன விடுப்பு என்று மனிதர்கள் உண்டாக்கிய காரணங்களே ஏராளம். ஒரே கட்டடத்தில் பக்கத்து டீம் கலகலப்பாக இருக்க, உங்கள் டீம் மட்டும் வாடியிருந்தால், வானத்தை விட்டுவிட்டு வேலைப் பங்கீட்டைப் பாருங்கள். போன இரண்டு மூன்று வருடங்களின் விடுப்பு, பிழைகள், ராஜினாமாக்கள் எந்த மாதங்களில் குவிந்தன என்று எடுத்துப் பார்த்தாலே நிறையப் புரியும். அப்புறம், பல நாடுகளில் பரவியிருக்கும் டீம் என்றால் வடக்கே குளிர்காலமாக இருக்கும்போது தெற்கே கோடை என்பதையும் மறந்துவிடக் கூடாது.

ஒன்றை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பருவத்தோடு வந்து போகும் மனச்சோர்வு ஒரு நோய். மனநல மருத்துவர் நார்மன் ரோசந்தாலும் சகாக்களும் 1984-ல் அதை விவரித்தார்கள். குளிர்கால வகையில் அதிகத் தூக்கம், மாவுச்சத்து மேல் அடங்காத ஆசை, எடை கூடுவது, ஆட்களை விட்டு ஒதுங்குவது எல்லாம் இருக்கும். கோடை வகையில் தூக்கமின்மையும் பசியின்மையும் பதற்றமும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து அன்றாட வேலையையே முடக்கினால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். காலையில் சுமார் அரை மணி நேரம் 10,000 லக்ஸ் ஒளிப்பெட்டி முன் உட்காருவது அறியப்பட்ட சிகிச்சைதான். ஆனால் மிதமிஞ்சிய உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ மனநோயோ விழித்திரைக் கோளாறோ உள்ளவர்கள் தாமாக அதைத் தொடங்கக் கூடாது. ஆகவே மேலாளர் அதை வாங்கி எல்லார் மேசையிலும் வைப்பதும் சரியில்லை.

மேலாளர் நோயைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கேட்கும் விதத்தைப் பார்த்துக்கொண்டால் போதும். "என்ன ஆச்சு, பழைய வேகமே காணோமே?" என்று நாலு பேர் முன்னால் கேட்டால் அவர் சிரித்து மழுப்பிவிடுவார். தனியாக அழைத்து, "கொஞ்ச நாளா சோர்வா தெரியிறீங்க. நேரத்தையோ வேலையையோ நான் மாத்திக் கொடுத்தா உதவுமா?" என்று கேளுங்கள். அவர் ஏதாவது சொன்னால் அந்த வாரமே செய்து கொடுங்கள்.